அலெப்போவில் ஒரு மொழி மாணாக்கர்



1809ஆம் ஆண்டு. மால்ட்டாத் தீவிலிருந்து கீழைக் கடற்கரையை நோக்கிச் சென்ற கப்பல் ஒன்றில், தாடி வளர்த்து, கீழைநாட்டு உடை அணிந்த 24 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். தாம் இந்தியாவைச் சேர்ந்த முஸ்லிம் வணிகர் என்றும், கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதங்களை அலெப்போ நகரில் இருக்கும் பிரித்தானியப் பிரதிநிதியிடம் சேர்க்கச் செல்வதாகவும் உடன் வந்தோரிடம் சொல்லிக்கொண்டார். நீண்ட கடற்பயணம், பொழுது போக வேண்டாமா? இந்தியா எப்படி இருக்கும், அங்கே மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேள்விமேல் கேள்வி எழுந்தது. உங்கள் மொழியைக் கொஞ்சம் பேசிக் காட்டுங்கள் என்றும் கேட்டார்கள்.

இளைஞர் தயங்கவில்லை. தம் தாய்நாடான சுவிட்சர்லாந்தில் வழங்கும் செருமன் மொழியின் மிகக் கொச்சையான வழக்கை எடுத்துவிட்டார். செருமானியருக்கே எளிதில் விளங்காத வழக்கு அது. தொண்டையை உரசிக்கொண்டு வரும் அதன் ஒலிகள் அரபு மொழியின் கரடுமுரடான ஒலிகளோடு போட்டி போடத்தக்கவை என்று அவரே பின்னர் எழுதினார். இந்தியாவின் மொழி என்று ஒன்றே ஒன்று இருப்பதாக எண்ணிக் கேட்டவர்களுக்கு, இந்தியாவில் எங்குமே இல்லாத மொழி விடையாகக் கிடைத்தது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. அந்தக் கப்பலில் காயல்பட்டினத்து வணிகர் ஒருவர் மட்டும் ஏறியிருந்தால் நம் இளைஞரின் கதை அன்றே முடிந்திருக்கும்!

அவர் பெயர் யோகான் லுட்விக் புர்க்கார்ட். பாசல் நகரத்துக் குடும்பம். பிறந்தது லோசான் நகரில், 1784இல். வரலாற்று நூல்களில் அவர் பெயரைத் தேடினால் பாலைவனத்துப் பாறைகளுக்கு நடுவே மறைந்திருந்த பெட்ரா நகரை 1812இல் கண்டு ஐரோப்பாவுக்கு அறிவித்தவர் என்று ஒரு வரி கிடைக்கும். எகிப்தின் அபு சிம்பெல் கோயிலை மறு ஆண்டில் கண்டவர் என்று இன்னொரு வரி கிடைக்கும். மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விரு வரிகளையும்விட, அவற்றுக்கு முன்னர் அவர் அலெப்போவில் ஒரு மாணாக்கராக உட்கார்ந்திருந்த இரண்டரை ஆண்டுகளே பெரியவை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அவர் ஏன் அங்கே போனார்? 1788இல் இலண்டனில் சில செல்வரும் அறிஞரும் கூடி ஆப்பிரிக்கச் சங்கம் ஒன்றை நிறுவினர். ஆப்பிரிக்காவின் உட்பகுதியை அறிவது, குறிப்பாக நைஜர் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டறிவது அதன் நோக்கம். முங்கோ பார்க் என்பவர் 1796இல் அந்த ஆற்றைக் கண்டு, அது கிழக்கு நோக்கி ஓடுவதை உறுதிப்படுத்தினார். அதன் முடிவிடம் மட்டும் புதிராகவே இருந்தது. ஓர்னமான் என்ற செருமானியர் 1798இல் கெய்ரோவிலிருந்து முஸ்லிம் வணிகராக வேடமிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. இந்தச் சங்கத்தின் தூணாக விளங்கிய சர் ஜோசப் பேங்க்சிடம், வேலை தேடி இலண்டனில் வறுமையில் வாடிக்கொண்டிருந்த புர்க்கார்ட் தம்மை ஒப்புக்கொடுத்தார். சங்கமும் ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் சங்கத்தார் செய்த ஒரு செயலை நான் வியக்கிறேன். போ, ஆற்றைக் கண்டுபிடி என்று அவர்கள் உடனே துரத்தவில்லை. முதலில் சிரியாவுக்குப் போய் அரபு மொழியையும் அம்மக்களின் வாழ்க்கை முறையையும் கற்றுக்கொள். பிறகு கெய்ரோ போ. அங்கிருந்து பெசான் செல்லும் ஒட்டகக் கூட்டத்தோடு சேர்ந்துகொள் என்றார்கள். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே முடிவு எங்கே என்று கேட்கும் காலத்தில் வாழும் நமக்கு, ஒருவன் மொழி கற்பதற்கென்றே ஆண்டுக் கணக்கில் செலவு செய்யும் பொறுமை கனவு போலத் தோன்றுகிறது.

புறப்படுவதற்கு முன்பு கேம்பிரிட்ஜில் அரபு எழுத்தும் இலக்கணமும் படித்தார். மருத்துவம், வானியல், கனிமவியல் ஆகியவற்றிலும் பாடம் கேட்டார். அவற்றோடு தமக்குத் தாமே வேறொரு பாடத்திட்டமும் வகுத்துக்கொண்டார். வெயிலில் தலையை மூடாமல் நெடுந்தொலைவு நடப்பது, வெறுந்தரையில் உறங்குவது, காய்கறியும் தண்ணீருமே உணவாகக் கொள்வது! இங்கிலாந்தின் வெயிலில் நடந்து அரபுப் பாலைக்குப் பழகுவது எவ்வளவு பயன் தந்திருக்கும் என்பது வேறு செய்தி.

கப்பல் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் துருக்கியின் தென்கரையைச் சுற்றிக்கொண்டு சென்றது. கரையிறங்கியபின் அந்தியோக்கியா நகரில் அவருக்குச் சோதனை காத்திருந்தது. இவர் இந்தியர்தானா என்று ஐயுற்ற ஊர்த்தலைவர், தம் மொழிபெயர்ப்பாளனை அனுப்பினார். அவன் ஓர் ஐரோப்பியன். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். புர்க்கார்ட் எதுவும் தெரியாதவர் போல நின்றார். கடைசியில் அவன் அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். அந்நாட்டில் ஓர் ஆடவனின் தாடியைத் தொடுவதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. புர்க்கார்ட் அவன் முகத்தில் ஓர் அறை கொடுத்தார். வாயால் பேச வேண்டிய மொழி கைவசம் இல்லாதபோது, ஊர் வழக்கத்தைக் கை பேசிவிட்டது. ஐரோப்பியனாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டு நின்றிருப்பான். அந்த அறைதான் அவரை அந்நாட்டானாகக் காட்டியது என்று நான் எண்ணுகிறேன்.

1809 ஜூலையில் அலெப்போ சேர்ந்தார். அரபு மொழியில் அந்நகரின் பெயர் ஹலப். இன்று அப்பெயரைக் கேட்டால் 2012இல் அந்நகரை எட்டிய போரும், தீயில் கருகிய அதன் பழைய அங்காடித் தெருக்களுமே பலருக்கு நினைவில் வரும். அன்று அது உதுமானியப் பேரரசின் மிகப் பெரிய வணிக நகரங்களுள் ஒன்று. ஆளவந்த அதிகாரிகள் துருக்கியம் பேசினர். ஊர் மக்கள் அரபு பேசினர். ஆர்மீனியர், யூதர், சிரியக் கிறித்துவர் என்று பலரும் கலந்து வாழ்ந்தனர். 16ஆம் நூற்றாண்டு முதலே அங்கே ஆங்கில வணிகர்களின் இருப்பிடம் இருந்தது. தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியக் குடும்பங்களும் இருந்தன. அவர்களை ஊரார் பிராங்கியர் என்றனர். நம் பறங்கியர் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இந்திய வணிகர் வேடத்தை அவர் அலெப்போவில் தொடரவில்லை. நாற்புறமும் இருந்து ஒட்டகக் கூட்டங்கள் வந்து சேரும் ஊரில், உண்மையிலேயே இந்தியாவைக் கண்டவர் எவரேனும் எதிரே வந்து நின்றுவிட்டால் சுவிஸ் கொச்சை எவ்வளவு நேரம் தாங்கும்? துருக்கிய உடையும் இப்ராகிம் என்ற பெயரும் மட்டும் நிலைத்தன. பிரித்தானியப் பிரதிநிதி ஜான் பார்க்கர் அவருக்குத் துணையாக இருந்தார். வந்த புதிதில் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பிறகு படிக்க உட்கார்ந்தார்.

இப்போது மொழிக்கு வருவோம். அரபு, தமிழைப் போலவே இரட்டை வழக்கு உடைய மொழி. குர்ஆனும் இலக்கியமும் எழுதப்பட்ட செவ்வழக்கு ஒன்று. வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசப்படும் பேச்சு வழக்கு மற்றொன்று. பேச்சு வழக்கும் ஊருக்கு ஊர் வேறுபடும். அலெப்போவின் பேச்சு கெய்ரோவில் ஒலிக்காது. பாலைவனத்து நாடோடிகளான பெதூயின் மக்களின் பேச்சு இரண்டிலிருந்தும் விலகி நிற்கும். நூலில் படித்த செவ்வழக்கை வைத்துக்கொண்டு சந்தையில் வெங்காயம் வாங்கப் போனால் என்ன ஆகும் என்பது நமக்கு விளங்கும். வெளிநாட்டார் ஒருவர் கோலாலம்பூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "ஐயன்மீர், இப்பேருந்து யாண்டுச் செல்லும்?" என்று கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள். யாரும் தவறு சொல்ல முடியாது. ஆயினும் பேருந்து போய்விடும்.

ஆக, கேம்பிரிட்ஜ் தந்த அரபு கண்ணுக்கானது. காதுக்கும் நாவுக்குமான அரபை அலெப்போதான் தர வேண்டியிருந்தது. குர்ஆனையும் அதன் உரைகளையும் அவர் படித்தார். நகரத்துக் கற்றோரும் அவர் இல்லம் வந்து உரையாடினர். இவை எந்த மாணாக்கரும் செய்யக்கூடியவை. அவர் மேற்கொண்ட மற்றொரு பயிற்சிதான் என்னைக் கட்டிப்போட்டது.

டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய ராபின்சன் குருசோ கதையை அவர் அரபு மொழியில் எழுதினார். வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. கீழைநாட்டுச் சுவைக்கும் பழக்கவழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி, ஓர் அரபுக் கதையாகவே ஆக்கினார். பெயரும் மாறியது: 'துர்ருல் புகூர்'. கடல்களின் முத்து என்று பொருள். (தீவில் தனியே வளரும் மனிதனின் கதை அரபு மொழிக்குப் புதிதும் அன்று. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த இப்னு துபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ழான்' அத்தகையது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு குருசோவுக்கு முன்பே, 1708இல் வந்துவிட்டது. டீஃபோ அதைப் படித்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அப்படியாயின் முத்து தான் பிறந்த கடலுக்கே திரும்பியது என்றுதான் கொள்ள வேண்டும்.)

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி என்று ஒன்று இருந்தது. சொல்லுக்குச் சொல் அகராதியில் தேடி நிரப்புவோம். விரிவுரையாளர் சிவப்பு மையால் சுழித்துத் தருவார். ஒரு முழுக் கதையை எடுத்து, இது நம் ஊரில் நடந்திருந்தால் இவன் என்ன உண்பான், யாரிடம் வேண்டுவான், அஞ்சும்போது என்ன சொல்வான் என்று மாற்றி எழுது என எவரும் சொல்லவில்லை. அப்படி எழுதும்போதுதான் மொழிக்குள் இருக்கும் வீடு, சமையல், வழிபாடு, வசைச்சொல் எல்லாம் தேவைப்படும். அகராதியில் அவை கிடைப்பதில்லை. யாரையேனும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புர்க்கார்ட்டும் கேட்டார். இலண்டனுக்கு அந்நூலின் படி ஒன்றை அனுப்புவது பற்றி எழுதிய கடிதத்தில் தமக்கு உதவியவனைக் குறிப்பிடுகிறார். அவன் அலெப்போவிலேயே பிறந்த ஒரு பிராங்கிய இளைஞன். அந்த ஊர்க்காரனைப் போலவே அரபு பேசுவான். ஆனால் அவனுக்கு அரபு எழுதவோ படிக்கவோ தெரியாது. அவ்வளவுதான் அக்கடிதத்தில் அவனைப் பற்றி உள்ளது. பெயர் இல்லை.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வீட்டுக்கு நாங்கள் அனுப்பும் தமிழ்க் கடிதங்களுக்கு மறுமொழியே வராது. ஒருநாள் விசாரித்தபோது, "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், நேசனல் ஸ்கூல்ல படிச்சவங்க" என்றாள். தாய்க்குத் தமிழ் தெரியாது என்று என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அதே தாயார் பிறகு ஒரு பள்ளி நிகழ்ச்சிக்கு வந்தார். சமையற்கூடத்தில் மற்ற தாய்மாருடன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தோட்டப்புறத்துப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த தமிழ். வாய்க்கு வாய் பழமொழி. ஒரு திருமணச் சண்டையை அவர் விவரித்த விதத்தில் பந்தலும் தெரிந்தது, பந்தலுக்குப் பின்னால் நின்று புகைந்தவர்களும் தெரிந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு அதில் பாதிச் சொற்கள் புதியவை. பெண்ணோ கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்; பொருள் விளங்காது. தாய் காதால் கேட்டுப் பொருள் சொல்வார். இருவரும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் ஒரு கடிதம் படிக்கப்படும். குறிப்பேட்டில் நான் எழுதியதை அன்று மாலையே அடித்தேன்.

அலெப்போவில் ஓர் அறையில் புர்க்கார்ட்டும் அந்த இளைஞனும் அமர்ந்திருந்தது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்து ஒருவரிடம்; மொழி மற்றவரிடம்.

நிற்க. அலெப்போவில் தங்கியிருந்த காலத்தில் அவர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. பாலைவனத்துப் பல்மைரா, தமஸ்கு, அவுரான் சமவெளி என்று சுற்றினார். பெதூயின் தலைவர்களுக்குப் பணம் கொடுத்துத் துணை பெற்றார். துணைக்கு வருவதாகச் சொன்னவர்கள் சில வேளைகளில் காக்கவில்லை. வழியில் உடைமைகளைப் பறிகொடுத்துத் திரும்பிய பயணங்களும் உண்டு. ஆனால் அவர்தம் பேச்சையும், விருந்தோம்பலையும், குதிரைகளையும், குலப் பகைகளையும் பற்றி அவர் திரட்டிய குறிப்புகள் பின்னர் தனி நூலாயின. 1812 பிப்ரவரியில் அலெப்போவை விட்டு நீங்கினார்.

பெட்ரா கதை பலரும் அறிந்தது. நபி ஹாரூன் அடங்கிய மலையில் ஆடு ஒன்றைப் பலியிட நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லி, வழிகாட்டி ஒருவனை அமர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். செந்நிறப் பாறையில் குடைந்த மாளிகைகளை நின்று பார்க்க முடியவில்லை. பார்த்தால் புதையல் தேடுபவன் என்று வழிகாட்டி ஐயுறுவான். எழுதவும் முடியவில்லை. தம் பயணங்களில் அவர் குறிப்பேட்டை மேலங்கிக்குள் மறைத்துவைத்தே எழுத வேண்டியிருந்தது. யாரும் காணும்படி எழுதுபவன் சூனியக்காரன் அல்லது ஒற்றன் என்று கருதப்படுவான். அலெப்போவில் எழுத்து அவருக்குப் பெருமை சேர்த்தது. பாலைவனத்தில் அதுவே ஆபத்து. பேச்சு ஒன்றுதான் துணை.

அந்தப் பேச்சுக்கு உண்மையான தேர்வு 1814இல் வந்தது. நூபியாவைக் கடந்து, செங்கடலைத் தாண்டி, ஜித்தா சேர்ந்தபோது கையில் பணம் இல்லை, நோயும் சேர்ந்துகொண்டது. அப்போது எகிப்தின் ஆளுநர் முகம்மது அலி பாஷா அருகிலிருந்த தாயிப் நகரில் படையுடன் தங்கியிருந்தார். புர்க்கார்ட் உதவி கேட்டு அங்கே போனார். இவர் உண்மையிலேயே முஸ்லிம்தானா என்று பாஷாவுக்கு ஐயம். காதியார் எனப்படும் மார்க்க நீதிபதியோ பாஷாவின் அவையிலேயே இருந்தார். புர்க்கார்ட் அந்தக் காதியாருடன் உணவு உண்டார், தொழுதார், தொழுகையில் தம் நினைவில் நின்ற மட்டும் நீண்ட ஓர் அத்தியாயத்தை ஓதினார். நினைத்துப் பாருங்கள்: தேர்வாளர் பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு நெடில் குறிலானால் போதும். காதியார் குறை சொல்லவில்லை. புர்க்கார்ட் மக்கா சென்றார். அவ்வாண்டின் ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்.

இதைப் படிக்கும் என் இஸ்லாமிய நண்பர்களுக்கு மனம் கோணலாம், எனக்கும் கோணியது. தன்னை வீட்டுக்குள் அழைத்து, ஒரே தட்டில் உணவு பகிர்ந்தவர்களிடம் தான் யார் என்பதை மறைத்தவர் அவர். மொழி ஒரு திறவுகோல் என்று நாம் மாணவர்களிடம் சொல்கிறோம். அதே திறவுகோலைக் கொண்டு அயலார் வீட்டைத் திறப்பதும் உண்டு என்று சொல்வதில்லை. அவரை அனுப்பிய சங்கத்தாருக்கு அந்நாடுகளின் மீதான ஆர்வம் வெறும் அறிவார்வம் மட்டும் என்று நான் நம்பவில்லை. ஆனால் புர்க்கார்ட்டின் நூல்களில், தாம் வாழ்ந்த மக்களை ஏளனம் செய்யும் குரல் அக்காலத்துப் பிற பயணிகளிடம் இருப்பதை விடக் குறைவு. நீண்ட காலம் ஒரு மொழியில் வேண்டி, பசித்து, நோயுற்று வாழ்ந்தவனால் அம்மொழி பேசுவோரை எளிதில் இகழ முடியாது போலும். வேடம் எங்கே முடிந்தது, வாழ்வு எங்கே தொடங்கியது என்று அவர் எழுத்தை வைத்து நம்மால் கோடு கிழிக்க முடியாது.

மாணாக்கர் எழுதியதை வைத்துக்கொண்டே இவ்வளவும் சொல்கிறோம். இத்தகைய அயல்நாட்டு மாணாக்கரைப் பற்றி, கற்பித்தவர் எழுதிய வரலாறு ஏதும் உண்டா? அதற்கு அலெப்போ போக வேண்டியதில்லை. அதே காலத்தில் மலாக்காவில் ஒருவர் இருந்தார். நாம் பள்ளியில் படித்த முன்ஷி அப்துல்லாதான் அவர். யேமனிலிருந்து வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபு ஒருவரின் வழித்தோன்றல். இளமையில் தமிழும் கற்றவர். மலாய் கற்க வந்த ஆங்கிலேயருக்கும் பாதிரிமாருக்கும் ஆசிரியராக இருந்தார்; முன்ஷி என்பதே மொழியாசிரியரைக் குறிக்கும் பட்டந்தானே. 1849இல் அச்சேறிய தம் 'ஹிக்காயத் அப்துல்லா'வில் அந்த மாணாக்கர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1815இல் மலாக்கா வந்த தாம்சென் என்ற பாதிரியார் மலாய்ச் சொற்களை எடுத்து ஆங்கில வாக்கிய முறையில் அடுக்குவார், இது மலாய் இல்லை என்று அப்துல்லா சொல்வார், பாதிரியார் கேட்கமாட்டார். ஆசிரியரின் பெருமூச்சு அப்பக்கங்களில் இன்றும் கேட்கிறது. தமிழ்க் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் இரவுகளில் எனக்கு அப்துல்லாவின் நினைவு அடிக்கடி வரும்.

புர்க்கார்ட் தாம்சென் போன்றவர் அல்லர். அரபு வாக்கியத்தை அரபியர் சொல்வதுபோலவே கேட்கப் பழகியவர். 1815இல் நோயோடு கெய்ரோ திரும்பிய பின்னர், அந்நகரத்து மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளில் 700க்கும் மேற்பட்டவற்றை எடுத்து, மொழிபெயர்த்து, ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் யாரால் சொல்லப்படுகிறது என்று விளக்கம் எழுதினார். அவர் இறந்தபின், 1830இல் அது நூலாக வந்தது. ஆற்றைத் தேடிப் புறப்பட்டவர் பழமொழிகளோடு அமர்ந்திருந்ததை அவரை அனுப்பியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ! பழமொழி என்பது நூலில் கிடைக்கும் செவ்வழக்கு அன்று. சமையற்கூடத்தில் கேட்டாலன்றி அதன் சூடு தெரியாது.

பெசானுக்குப் போகும் ஒட்டகக் கூட்டத்துக்காக அவர் ஆண்டுகள் காத்திருந்தார். 1817இன் இறுதியில் அது புறப்பட இருந்தது. அதற்கு முன்பே வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1817 அக்டோபர் 15ஆம் நாள் கெய்ரோவில் இறந்தார். வயது 32. நைஜர் ஆற்றை அவர் பார்க்கவேயில்லை. இறக்கும் தறுவாயில், தம் உடலை முஸ்லிம்கள் எடுத்துச் செல்ல வருவார்கள், அவர்கள் விருப்பப்படியே விட்டுவிடுவது நல்லது என்று பிரித்தானியப் பிரதிநிதியிடம் சொன்னார். ஷேக் இப்ராகிம் என்ற பெயரில், இஸ்லாமிய முறைப்படி, கெய்ரோவின் பாபுன் நசுர் வாயிலுக்கு வெளியே உள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தேடித் தேடிச் சேர்த்த நூற்றுக்கணக்கான அரபுக் கையெழுத்துச் சுவடிகள், அவர் முதன்முதலில் அரபு எழுத்துப் படித்த கேம்பிரிட்ஜுக்கே, அவர் விரும்பியபடி போய்ச் சேர்ந்தன.

அலெப்போவின் அந்த இளைஞனை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. குருசோ கடலில் தத்தளித்தபோது எந்தச் சொல்லால் இறைவனை அழைக்க வேண்டும், கரையேறியதும் முதலில் என்ன சொல்வான் என்பதையெல்லாம் அவன்தான் தன் வாயால் சொல்லிக் கொடுத்திருப்பான். புர்க்கார்ட் அதை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போயிருப்பார். அரபு எழுத்தறியாத அவன், 'கடல்களின் முத்து' முழுக்கதையையும் யாரேனும் படித்துக் காட்டக் கேட்டிருந்தால்தான் உண்டு.